கோர்டு கார்களைக் கொன்றது முன்சக்கர இழுவையா, அவசரமா?

1. தேர்முட்டி

கடந்த செப்டம்பரில், அமெரிக்கத் தொழிலாளர் தின விடுமுறையில், ஆபர்ன் போய் வந்தேன். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் சிற்றூர். ஆண்டுதோறும் அந்த வார இறுதியில் ஆபர்ன், கோர்டு, டூசன்பர்க் என்ற மூன்று கார்களுக்காக அங்கே விழா எடுக்கிறார்கள். சொந்தக்காரர்கள் தங்கள் கார்களைத் தாங்களே ஓட்டி, ஊர்வலமாக வந்து, நீதிமன்றக் கட்டடத்தைச் சுற்றி நிறுத்துகிறார்கள்.

அங்கே நின்ற 1937ஆம் ஆண்டுக் கோர்டு 812 ஒன்றை விட்டு என்னால் நகர முடியவில்லை. அதன் உரிமையாளர் எண்பது வயதைத் தொட்டவர். கொஞ்ச நேரம் என்னைக் கவனித்துவிட்டுக் கதவைத் திறந்து உட்காரச் சொன்னார். டேஷ்போர்டின் இடது கோடியில், காப்பிக்கொட்டை அரைக்கும் கைமிஷினில் இருப்பதைப் போல ஒரு சிறு கைப்பிடி. சுற்றச் சொன்னார். சுற்றச் சுற்ற, இடது மட்கார்டுக்குள் மூடிக்கிடந்த முகப்பு விளக்கு மெல்லப் புரண்டு வெளியே வந்தது. வலது விளக்குக்கு வலது கோடியில் தனிக் கைப்பிடி. அதற்கு அவர் எட்டி வந்து சுற்றினார். 1935இல் வரைந்து முடித்த ஒரு காரில் இது இருந்தது என்பதை நினைத்தபடியே வீடு வந்தேன்.

கோர்டைப் பற்றி எங்கே படித்தாலும் "முன்சக்கர இழுவையை நம்பிக் கெட்டது" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். எஞ்சினின் விசை பின்சக்கரங்களுக்குப் போகாமல் முன்சக்கரங்களைச் சுழற்றும் அமைப்புதான் முன்சக்கர இழுவை. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. அதற்காகத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: எரெட் லோபன் கோர்டு கார் விற்பனையில் கை தேர்ந்தவர். 1924இல் ஆபர்ன் கம்பெனியின் நிர்வாகத்தை ஏற்றார். விற்காமல் தேங்கிக் கிடந்த நூற்றுக்கணக்கான கார்களுக்குப் புது வண்ணம் அடித்து, நிக்கல் பூசி மினுக்கி, விற்றுத் தீர்த்தார். 1926இல் டூசன்பர்க்கை வாங்கினார். ஆபர்ன் நடுத்தர வசதிக்காரர்களுக்கு, டூசன்பர்க் பெரும் கோடீஸ்வரர்களுக்கு. இடையில் ஒரு படி காலியாக இருந்தது. அந்தப் படியில் 1929இல் தன் பெயரையே வைத்து ஒரு காரை நிறுத்தினார். அதுதான் எல்-29. அமெரிக்காவில் பொதுமக்கள் வாங்கும் அளவுக்கு உற்பத்தியான முதல் முன்சக்கர இழுவைக் கார் அது. 1932இல் நின்றது. பிறகு 1936இல் 810, 1937இல் 812. அத்துடன் கதை முடிந்தது. மொத்தமே மூன்று மாடல்கள்.

என் வாதம் இதுதான்: அந்தப் பொறியியலில் பிழை இருந்தது உண்மை. ஆனால் திருத்த முடியாத பிழை எதுவும் இல்லை. திருத்துவதற்கான நேரத்தைத்தான் யாரும் கொடுக்கவில்லை.

2. பட்டறைக்காரர்

தம்பி, நல்ல இழை. கோவையில் முப்பத்தைந்து ஆண்டுகளாக கியர்பாக்ஸ் வேலைதான் எனக்குப் பிழைப்பு. கோர்டை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அதன் உள்ளமைப்புப் படங்களை வைத்துக்கொண்டு பல இரவுகள் உட்கார்ந்திருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: 810 விஷயத்தில் நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம், எல்-29 விஷயத்தில் இல்லை. அங்கே அடிப்படை அமைப்பிலேயே கோளாறு.

எல்-29இன் வேர் பந்தயத்தில் இருக்கிறது. ஹாரி மில்லர் 1920களில் இந்தியானாபொலிஸ் பந்தயத்துக்காக முன்சக்கர இழுவைக் கார்களைக் கட்டினார். 1925 பந்தயத்தில் அவற்றில் ஒன்று இரண்டாவதாக வந்தது. அவருடைய காப்புரிமைகளைப் பெற்றுத்தான் கோர்டு இறங்கினார். வடிவமைப்புப் பொறுப்பு கொர்னீலியஸ் வான் ரான்ஸ்டிடம். எல்லாம் நல்ல கைகள்தான்.

ஆனால் எஞ்சினைப் பாருங்கள். கையில் இருந்தது லைகோமிங் கம்பெனியின் நீள எஞ்சின், எட்டு சிலிண்டர்கள் ஒரே வரிசையில். அதை முன்பின்னாகத் திருப்பி, கிளட்ச் முன்னால் பார்க்கும்படி வைத்தார்கள். கிளட்சுக்கு முன்னால் கியர்பாக்ஸ், அதற்கும் முன்னால், முன்சக்கரங்களின் நடுவில், விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல். இத்தனையும் முன் ஆக்ஸிலுக்குப் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் என்ன ஆகும்? பானெட் நீண்டுகொண்டே போகும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி ஏறத்தாழ மூன்றரை மீட்டர். பார்க்க அழகுதான். ஆனால் எஞ்சினின் கனம் முன்சக்கரத்தின் மேல் உட்காராமல் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டது.

இழுக்கிற சக்கரத்தின் மேல் கனம் இருக்க வேண்டும். ஏர் மாட்டின் கழுத்தில் நுகத்தடி அழுந்தவில்லை என்றால் மாடு எப்படி இழுக்கும்? அதிலும் மேட்டில் ஏறும்போது வண்டியின் எடை இயல்பாகவே பின்னால் சாயும். சரளை மேட்டில் எல்-29இன் முன்சக்கரங்கள் சுழன்றுகொண்டே நின்றன. இரண்டு டன்னுக்கு மேல் எடை வேறு.

அடுத்தது ஜாயிண்ட், அதாவது சுழலும் தண்டு வளைய வேண்டிய இடத்தில் இருக்கும் இணைப்பு. பின்சக்கர வண்டியில் விசையைப் பின்னால் கொண்டுபோகும் ஷாஃப்டில் இருக்கும் கிராஸ் ஜாயிண்ட்டை எல்லோருக்கும் தெரியும். அதை வளைத்து வைத்துச் சுற்றினால், ஒரு முனை சீராகச் சுற்றினாலும் மறு முனை ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். வளைவு சிறிதாக இருந்தால் கைக்குத் தெரியாது. ஆனால் முன்சக்கரம் திரும்ப வேண்டிய சக்கரம், வளைவு பெரிது. எல்-29இல் கிராஸ் வகை ஜாயிண்ட்களே இருந்தன. அவை சீக்கிரம் தேய்ந்தன என்பதுதான் அன்றைய வாடிக்கையாளர்களின் பெரிய புகார். இன்று முன்சக்கர வண்டிகளில் இருக்கும் ஆறு குண்டு ஜாயிண்ட், ஆல்ஃபிரட் ர்செப்பா 1920களில் காப்புரிமை வாங்கிய வகை. இன்றைக்கு என் பட்டறைக்கு வரும் கார்களில் அந்த ஜாயிண்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மணல் புகுந்து, திருப்பத்தில் கடகடவென்று சத்தம் வருவதை வாரத்தில் ஒன்றாவது பார்க்கிறேன். தொண்ணூறு ஆண்டுகள் பழகிய பிறகும் இந்த இடம்தான் பலவீனமான இடம். 1929இல் அவர்கள் பட்ட பாடு எனக்குப் புரிகிறது.

3. கணக்கன்

இருவரும் இரும்பைப் பார்க்கிறீர்கள். நான் நாட்காட்டியைப் பார்க்கிறேன்.

எல்-29 சந்தைக்கு வந்தது 1929 ஆகஸ்டில். நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது அதே ஆண்டு அக்டோபரில். இரண்டரை மாத இடைவெளி. அதன் விலை 3,000 டாலருக்கும் மேல். அன்று ஒரு ஃபோர்டு மாடல் ஏ 500 டாலர் அளவில் கிடைத்தது. வேலையிழந்தவர்கள் சூப்புக்கு வரிசையில் நிற்கும் ஊரில், வசதியுள்ளவர்களே இவ்வளவு பகட்டான வண்டியில் போகத் தயங்கினார்கள். 1931இல் விலையை நூற்றுக்கணக்கான டாலர் குறைத்தும் பயனில்லை. மூன்று ஆண்டுகளில் ஐயாயிரம் வண்டிகள்கூட விற்றதா என்பது சந்தேகமே. ஜாயிண்ட் வைரத்தால் செய்திருந்தாலும் கதை இதுதான்.

இன்னொன்று, கோர்டு என்ற மனிதரின் கவனம் கார்களில் நிற்கவில்லை. 1929இல் கோர்டு கார்ப்பரேஷன் என்ற தாய் நிறுவனத்தை அமைத்து அதன் கீழ் லைகோமிங் எஞ்சின், ஸ்டின்சன் விமானம், கப்பல் கட்டும் தளம் என்று சேர்த்துக்கொண்டே போனார். இன்றைய அமெரிக்கன் ஏர்லைன்ஸின் முன்னோடி நிறுவனமும் அவர் கட்டுப்பாட்டில் வந்தது. 1934இல் குடும்பத்தோடு இங்கிலாந்து போய்விட்டார். ஆலை இந்தியானாவில், முதலாளி கடல் தாண்டி. வீட்டுத் தலைவன் இல்லாத வீட்டில் பிள்ளை வளர்ந்த கதைதான் 810.

ஆகவே என் தீர்ப்பு: முன்சக்கர இழுவையும் இல்லை, அவசரமும் இல்லை. காலமும் முதலாளியும்.

4. தேர்முட்டி

பட்டறைக்காரர் ஐயா, எல்-29 பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். முதல் பதிவில் "திருத்த முடியாத பிழை எதுவும் இல்லை" என்று மூன்று மாடல்களையும் சேர்த்து எழுதியது என் தவறு. எஞ்சினை மாற்றாமல் எல்-29இன் எடைச் சிக்கலைத் தீர்த்திருக்க முடியாது.

ஆனால் 810ஐ வடிவமைத்தவர்கள் நீங்கள் சொன்ன அந்த எடைச் சிக்கலைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். நீள எஞ்சின் போய், வி வடிவ எட்டு சிலிண்டர் லைகோமிங் வந்தது. 4.7 லிட்டர், 125 குதிரைத்திறன். நீளம் குறைவு என்பதால் எஞ்சினை முன்னால் தள்ள முடிந்தது. கியர்பாக்ஸைத் தூக்கி ஆக்ஸிலுக்கும் முன்னால் கொண்டுபோய் வைத்தார்கள். பம்பருக்குப் பின்னால், மூக்குக்குக் கீழே புடைத்துத் தெரிகிறதே, அது அழகுக்கு வைத்ததில்லை, கியர்பாக்ஸின் மூடி. சக்கர இடைவெளி எல்-29ஐவிட முப்பது சென்டிமீட்டருக்கும் மேல் குறைந்தது. முன்சக்கரங்கள் இரண்டுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். அமெரிக்க முன்சக்கர இழுவைக் காரில் அதுவே முதல் முறை. ஆறு ஆண்டுகளில் இவ்வளவு கற்றுக்கொண்ட ஓர் அணியை "முன்சக்கர இழுவையை நம்பிக் கெட்டவர்கள்" என்று எப்படிச் சொல்வது?

கணக்கன், உங்களுக்கான பதில் சற்று நீளம். இரவு எழுதுகிறேன்.

5. நீலமை

அதற்குள் நான் கொஞ்சம் வடிவத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன். தொழில்சார் வடிவமைப்பு கற்பிக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் 810இன் பக்கவாட்டுப் படத்தைத் திரையில் போட்டு, இது எந்த ஆண்டுக் கார் என்று கேட்பேன். ஐம்பதுகள், அறுபதுகள் என்றுதான் பதில் வரும்.

அதை வரைந்த கார்டன் பியூரிக் 1904இல் பிறந்தவர். இருபத்தைந்து வயதிலேயே டூசன்பர்க்கின் தலைமை வடிவமைப்பாளர். 810 முதலில் சின்ன டூசன்பர்க்காகத்தான் பிறந்தது. நடுவழியில் அது முன்சக்கர இழுவைக் கோர்டாக மாறியது. முன்சக்கர இழுவை என்றால் தரையடியில் ஷாஃப்ட் ஓடாது. ஷாஃப்ட் இல்லை என்றால் தரையைத் தாழ்த்தலாம். தரை தாழ்ந்தால் ஏறுவதற்குப் படிப்பலகை வேண்டியதில்லை. படிப்பலகை போனதும் வண்டியின் பக்கம் முழுவதும் ஒரே தகடாகத் துலங்கியது. கதவுக் கீல்களை உள்ளே மறைத்தார். பெட்ரோல் மூடியை மறைத்தார். விளக்குகளை மட்கார்டுக்குள் மறைத்தார், அவை ஸ்டின்சன் விமானங்களின் தரையிறங்கும் விளக்குகளிலிருந்து வந்தவை. கணக்கன் சொன்ன அந்தப் பல தொழில் முதலாளியால் வந்த நன்மை இது!

ரேடியேட்டர் தெரியும் கிரில்லையே எடுத்துவிட்டார். அந்தக் காலத்தில் ஒரு காரின் முகம் என்பதே ரேடியேட்டர்தான். அதற்குப் பதிலாகக் கிடைமட்டப் பட்டைகள் மூக்கைச் சுற்றி இரு பக்கமும் ஓடின. சவப்பெட்டி மூக்கு என்று அமெரிக்கர்கள் பெயர் வைத்தார்கள். பெயர் என்னவோ அப்படி. ஆனால் அந்தப் பட்டைகள் ஓடும் விதத்தில் இருக்கும் அமைதியை வேறெந்தக் காரிலும் நான் பார்த்ததில்லை.

மாணவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இன்னொன்று. இது பணம் கொழித்த நிறுவனம் செய்த கார் இல்லை. உடல் தகடுகளை அடிக்கும் பெரிய அச்சுகள் செய்யக் காசில்லை. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் தனித்தனி அச்சு போடாமல், ஒரு பக்கத்து முன்கதவுத் தகடும் மறுபக்கத்துப் பின்கதவுத் தகடும் ஒரே அச்சில் வரும்படி கோட்டை வரைந்தார். கூரையைப் பல துண்டுகளாக அடித்துப் பற்றவைத்து, இணைப்புத் தெரியாமல் தேய்த்தார்கள். அந்தக் கதவுகளின் சமச்சீரைக் கலை என்று நாம் வியக்கிறோம். அது சிக்கனத்தில் பிறந்தது. எனக்கு அந்தச் சிக்கனம் கலையைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

1951இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் கார்களைக் கலைப்பொருளாக வைத்து ஒரு கண்காட்சி நடத்தியது. உலகிலிருந்து எட்டே எட்டுக் கார்கள். அதில் ஒன்று 1937ஆம் ஆண்டுக் கோர்டு.

எல்-29ஐயும் விட்டுவிடாதீர்கள். அதை வரைந்தவர் ஆலன் லீமி. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் அதில் ஒன்றை வாங்கித் தனக்குப் பிடித்த ஆரஞ்சு நிறத்தில் வைத்திருந்தார்.

6. தேர்முட்டி

கணக்கனுக்கான பதில்.

காலம் கெட்டது என்பது எல்-29க்குப் பொருந்தும். 1936இல் அமெரிக்கக் கார்ச் சந்தை மீண்டுகொண்டிருந்தது. 810இன் தொடக்க விலை 1,995 டாலர். எல்-29ஐவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. வாங்குவதற்கு ஆளும் இருந்தது. எப்படிச் சொல்கிறேன் என்றால், 1935 நவம்பரில் நடந்த நியூயார்க் கார் கண்காட்சியை வைத்துச் சொல்கிறேன்.

கண்காட்சியில் ஒரு புது மாடலை வைக்க வேண்டுமானால் அதில் 100 வண்டிகளாவது கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. நிர்வாகக் குழு இந்தக் காருக்குப் பணம் ஒதுக்கியதே அந்த ஆண்டின் நடுப்பகுதியில்தான். மிஞ்சியது சில மாதங்கள். பெரும்பாலும் கையாலேயே அடித்து 100 உடல்களைக் கட்டினார்கள். கியர்பாக்ஸ் தயாராகவில்லை. அதாவது, நாடே பார்த்து வியந்த அந்தக் கார்கள் மேடையில் நின்றன, ஓட முடியாது!

கூட்டம் எப்படி என்றால், பின்னால் நின்றவர்கள் பக்கத்து நிறுவனங்களின் கார் பம்பர்கள் மேல் ஏறி நின்று 810ஐப் பார்த்தார்கள். முன்பணம் குவிந்தது. கிறிஸ்துமஸுக்கு வண்டி கைக்கு வரும் என்று வாக்குக் கொடுத்தார்கள். மாதம் ஆயிரம் கட்டிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு.

கிறிஸ்துமஸ் வந்தது. வண்டி வரவில்லை. முன்பணம் கட்டியவர்களுக்கு, பளிங்குப் பீடத்தில் பதித்த சிறிய வெண்கலக் கோர்டு பொம்மை ஒன்றை அனுப்பிவைத்தார்கள். முழுப் பணத்தோடு காத்திருந்த ஒருவர், கிறிஸ்துமஸ் காலையில் உள்ளங்கையில் அந்தப் பொம்மையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். முதல் வண்டிகள் 1936 பிப்ரவரியில் வெளிவந்தன. நியூயார்க்குக்குப் போய்ச் சேர்ந்தது ஏப்ரலில். அதற்குள் எத்தனை பேர் முன்பணத்தைத் திரும்ப வாங்கி வேறு கார் வாங்கியிருப்பார்கள்! அந்த ஆண்டு விற்றது 1,174 வண்டிகள். மாதம் ஆயிரம் என்று போட்ட கணக்கு, ஆண்டுக்கு ஆயிரமாக முடிந்தது.

ஆள் இல்லாமல் கெட்டதில்லை இது. வாசலில் வந்து நின்றவர்களைத் திருப்பி அனுப்பியதால் கெட்டது.

7. பட்டறைக்காரர்

அந்த கியர்பாக்ஸ் ஏன் தாமதமானது என்பதை நான் சொல்கிறேன். ஏனென்றால் இந்த இழையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

கியர்பாக்ஸை ஆக்ஸிலுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாகிவிட்டது. ஓட்டுநர் எங்கே, கியர்பாக்ஸ் எங்கே? நடுவில் முழு எஞ்சின். அவ்வளவு தூரத்துக்குக் கம்பி இணைப்புகள் போட்டால் ஆட்டம் காணும். அதனால் வேறு வழி எடுத்தார்கள். ஸ்டியரிங் தண்டின் வலப்பக்கம் ஒரு சிறு தண்டு, அதன் முனையில் உள்ளங்கைக்குள் அடங்கும் கியர் கட்டம். அதில் விரல் நீளக் கம்பி ஒன்று. இரண்டு விரலால் தள்ளினால் போதும். ஆனால் தள்ளியவுடன் கியர் மாறாது. நீங்கள் முதலில் தேர்ந்து வைக்கிறீர்கள், அவ்வளவுதான். பிறகு தேவையான நேரத்தில் கிளட்சை மிதித்தால் அப்போது மாறும். மாற்றுவது யார்? மின்சார சுவிட்ச் வால்வைத் திறக்கும். எஞ்சின் மூச்சிழுக்கும் குழாயிலிருந்து வரும் வெற்றிட விசை, கியர் நகர்த்தும் கவையை இழுக்கும். நான்கு முன்னோக்கு கியர்கள்.

கோட்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வெற்றிடக் குழாயில் எங்கோ ஒரு கசிவு, சுவிட்ச் முனையில் கொஞ்சம் துரு, போதும். கவை முழுத் தூரம் நகராது. பல் பாதி மட்டும் கவ்வும். ஓடும்போது கியர் தானாகக் கழன்று விழும். ஆரம்பக் கார்களில் அதுதான் நடந்தது. கவை எத்தனை மில்லிமீட்டர் நகர வேண்டும், எந்த வில் எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதெல்லாம் படத்தில் வரைந்து தெரிந்துகொள்ளும் விஷயம் இல்லை. பத்து வண்டியை மழையிலும் வெயிலிலும் ஓராண்டு ஓட்டி, கழற்றிப் பார்த்து, மாற்றி, மறுபடி ஓட்டித்தான் தெரிய வரும். அந்த ஓராண்டு அவர்களிடம் இல்லை. வாங்கியவர்களே அந்த ஓட்டத்தை ஓட்டினார்கள்.

இன்னொரு புகார் வேப்பர் லாக். எஞ்சின் சூட்டில் குழாயிலேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகி, பம்ப் இழுக்க ஒன்றுமில்லாமல் வண்டி நின்றுவிடும். பழைய பெட்ரோல் கார் ஓட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டாம். சித்திரை வெயிலில் ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றிவிட்டுப் புளியமரத்தடியில் காத்திருந்திருப்பார்கள். குழாயைச் சூட்டிலிருந்து ஓர் அடி தள்ளி ஓட்டினால் தீர்ந்துபோகும் நோய் அது.

ஆகவே, தம்பி, 810ஐப் பொறுத்தவரை நான் உங்கள் பக்கம்.

8. கடலோரன்

812இல் பானெட்டின் இரு பக்கமும் வெளியே வரும் பளபளப்பான குழாய்கள் இருக்குமே, அவை எல்லாக் கோர்டிலும் உண்டா? டாம் மிக்ஸ் என்ற பழைய கௌபாய் நடிகர் இறந்தது கோர்டில்தான் என்று படித்தேன், உண்மையா?

9. தேர்முட்டி

இல்லை, கடலோரன். அந்தக் குழாய்கள் 1937இல், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் சூப்பர்சார்ஜர் வைத்து வந்த கார்களின் அடையாளம். அதில் 170 குதிரைத்திறன். வேகச் சாதனை ஓட்டுநர் ஏப் ஜென்கின்ஸ் அப்படி ஒரு காரை எடுத்துக்கொண்டு யூட்டா மாநிலத்தின் பானவில் உப்புவெளியில் 24 மணி நேரம் ஓட்டினார். சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது. கழன்று விழுகிற கியர்பாக்ஸால் அதைச் செய்ய முடியாது. 1937க்குள் கார் எவ்வளவு தேறிவிட்டது என்பதற்கு எனக்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

டாம் மிக்ஸ் செய்தி உண்மைதான். 1940 அக்டோபரில் அரிசோனாவில், பாலம் இல்லாத இடத்தில் ஓடைப் பள்ளத்துக்குள் அவருடைய 812 பாய்ந்தது. காரின் மேல் குறை இல்லை.

10. கணக்கன்

கண்காட்சிக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் முதலாளியைப் பற்றி நான் சொன்னதை யாரும் மறுக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன். அந்த அவசரம் எங்கிருந்து வந்தது? ஆபர்ன் கார்களின் விற்பனை படுத்துவிட்டது. நவம்பர் கண்காட்சியைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டு வரை நிறுவனம் நிற்குமா என்பதே கேள்வி. கஜானா காலியானவன் அவசரப்படாமல் என்ன செய்வான்? நீங்கள் அவசரம் என்று அழைப்பதை நான் பணமின்மை என்று அழைக்கிறேன். 1936இல் விற்காமல் மிஞ்சிய கார்களுக்கு எண்ணை மாற்றி 812 என்று 1937இல் விற்றார்கள். இது செழிப்பான கம்பெனி செய்கிற வேலையா?

1937இல் கோர்டு தன் பங்குகளை விற்று வெளியேறினார். அந்த ஆகஸ்டில் உற்பத்தி நின்றது. இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து மூவாயிரம் வண்டிகள் அளவில்தான். பிறகு நடந்ததுதான் எனக்கு வருத்தம். நீலமை இவ்வளவு சொன்ன அந்த அச்சுகளை ஹப் என்ற வேறொரு கார் நிறுவனத்துக்காக வாங்கினார்கள். ஹப்மொபில் ஸ்கைலார்க், கிரஹாம் ஹாலிவுட் என்று அதே உடலில் இரண்டு கார்கள் வந்தன. இரண்டுமே பின்சக்கர இழுவை. துண்டு துண்டாகப் பற்றவைக்க வேண்டிய அந்தக் கூரை அவர்களையும் வாட்டியது. 1941க்குள் அவையும் ஓய்ந்தன. 810, 812 கார்கள் உருவான இந்தியானாவின் கானர்ஸ்வில் ஆலையில் போர்க்காலத்தில் ஜீப் உடல்கள் செய்தார்கள், சமையலறைத் தொட்டிகளும் அலமாரிகளும் செய்தார்கள்.

11. தேர்முட்டி

பணமின்மைதான் அவசரத்தின் தாய் என்கிறீர்கள். சரி, ஏற்கிறேன். ஆனால் அப்போதும் முன்சக்கர இழுவை குற்றவாளி இல்லை என்ற என் முதல் வாதம் நிற்கிறது. அதற்கு ஒரு சோதனையே நடந்தது.

கோர்டுக்குப் பிறகு 29 ஆண்டுகள் அமெரிக்காவில் யாரும் முன்சக்கர இழுவைக் காரைத் தொடவில்லை. 1966 மாடலாக ஜெனரல் மோட்டார்ஸின் ஓல்ட்ஸ்மொபில் டொரனாடோ வந்தது. 7 லிட்டர் எஞ்சின், 385 குதிரைத்திறன். இவ்வளவு விசையை முன்சக்கரத்துக்குக் கொடுக்க முடியாது என்று சொன்னவர்கள் பலர். ஜெனரல் மோட்டார்ஸ் அதற்குப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. எஞ்சினின் பின்னால், கிளட்சுக்குப் பதிலாக டார்க் கன்வர்ட்டர், அங்கிருந்து அகலமான சங்கிலி ஒன்று பக்கவாட்டில் விசையைக் கடத்தும், கியர்பாக்ஸ் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே முன்னோக்கிப் படுத்திருக்கும். பட்டறைக்காரர் ஐயா சொன்ன நுகத்தடி இப்போது சரியாக அழுந்தியது. சோதனை ஓட்டம் மட்டும் பத்து லட்சம் மைலுக்கு மேல். முதல் ஆண்டிலேயே 40,963 வண்டிகள் விற்றன. அடுத்த ஆண்டு கேடிலாக் எல்டொராடோவும் அதே அமைப்புக்கு மாறியது. டொரனாடோ 1992 வரை ஓடியது.

டொரனாடோவில் குறை இல்லாமல் இல்லை. அந்த எடைக்கு நான்கு டிரம் பிரேக்குகள் போதவில்லை என்று அப்போதே எழுதினார்கள். ஆனால் இழுவை அமைப்பின் மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை. சக்கரத்தின் துளைகளையும் மறைந்திருக்கும் விளக்குகளையும் பாருங்கள், யாரை நினைத்து அதைச் செய்தார்கள் என்பது தெரியும்.

12. நீலமை

டொரனாடோவை வரைந்தவர்கள் கோர்டை வணங்கியவர்கள் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் ஒன்று சேர்க்க வேண்டும். 1960இல் ஓக்லஹோமாவில் தொழிற்கல்வி ஆசிரியராக இருந்த கிளென் பிரே, ஆபர்ன் கோர்டு டூசன்பர்க் நிறுவனத்தின் எஞ்சிய பாகங்களையும் உரிமையையும் விலைக்கு வாங்கினார். பியூரிக்கின் உதவியோடு, ஐந்தில் நான்கு பங்கு அளவில் ஒரு கோர்டைச் செய்தார். உடல் பிளாஸ்டிக், எஞ்சின் செவர்லே கோர்வேர் காருடையது. அதுவும் முன்சக்கர இழுவைதான்! 1966க்குள் நூறுக்கும் குறைவாகத்தான் கட்ட முடிந்தது. ஆக, ஜெனரல் மோட்டார்ஸுக்கு முன்பே ஒரு பள்ளி ஆசிரியர் தொட்டுவிட்டார். 29 ஆண்டுகள் யாரும் தொடவில்லை என்பதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

13. தேர்முட்டி

திருத்திக்கொண்டேன், நன்றி. பெரிய நிறுவனங்கள் எதுவும் தொடவில்லை என்று படிக்கவும்.

14. பட்டறைக்காரர்

தம்பி, ஆபர்னில் கோர்டின் பழைய தலைமை அலுவலகத்தையே அருங்காட்சியகமாக்கி 1974இலிருந்து வைத்திருக்கிறார்களே, அடுத்து எப்போது அங்கே போவீர்கள்? எனக்கு ஒரு படம் வேண்டும். 810இன் முன்னால் குனிந்து, பம்பருக்குப் பின்னால் இருக்கும் அந்த கியர்பாக்ஸ் மூடிக்குக் கீழிருந்து எடுங்கள். வெற்றிடக் குழாய்கள் எந்தப் பக்கம் உள்ளே போகின்றன என்று என்னிடம் இருக்கும் வரைபடத்தில் தெளிவாக இல்லை. முன்சக்கர ஜாயிண்ட்டும் தெரிந்தால் நல்லது. தொடக்கூடாது என்று கயிறு கட்டியிருந்தால் தூரத்திலிருந்தே எடுங்கள், பரவாயில்லை.

15. தேர்முட்டி

வரும் சனிக்கிழமை போகிறேன், ஐயா. கைவிளக்கும் எடுத்துப் போகிறேன். அந்த 812 பெரியவரின் தொலைபேசி எண்ணும் என்னிடம் இருக்கிறது. அவர் தன் காரைத் தூக்கி நிறுத்த அனுமதித்தால் அடியிலிருந்தே எடுத்து அனுப்புகிறேன்.